லோட்டே மறந்த சொல்

எங்கள் கட்டடத்தில் ஒன்பது வீடுகள். பொதி கொண்டுவருகிறவன் கீழே நின்று அழுத்துவது என் வீட்டு மணியைத்தான். மற்ற எட்டு வீட்டாருக்கும் காது நன்றாகக் கேட்கும், ஆனால் ஒருவரும் கதவு திறப்பதில்லை. வேலைக்குப் போயிருப்பார்கள், இல்லாவிட்டால் காதில் எதையாவது செருகிக்கொண்டு இருப்பார்கள். காது கேளாத நான் மட்டும் அரை நிமிடத்தில் கதவருகே நிற்பேன். மணி அடித்ததும் லோட்டே ஓடிவந்து மூக்கால் என் முழங்காலில் இடிப்பாள். நான் எழும்பியதும் முன்னால் ஓடிக் கதவைக் காட்டுவாள். பொதிக்காரன் எட்டு வீட்டாரின் சப்பாத்துகளையும் சட்டைகளையும் என் கையில் ஏற்றிவிட்டு, குனிந்து லோட்டேயின் தலையைத் தடவிவிட்டுப் போவான். ஜேர்மனியின் பான் நகரத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் கடைசி உத்தியோகம் இது.

லோட்டே ஒரு நாய். ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கண் தெரியாதவரை வழிநடத்தும் நாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காது கேளாதவருக்கும் அப்படி ஒன்று உண்டு. வாசல் மணி, காலை எழுப்பும் மணிக்கூடு, தண்ணீர் கொதித்துக் கேத்தில் கூவுவது, புகை வந்தால் கூரையில் கத்தும் கருவி, எல்லாவற்றையும் அது கேட்டு வந்து உங்களைத் தொட்டுச் சொல்லும். வீட்டில் யாராவது உங்களைக் கூப்பிட்டால், உங்களை அவரிடம் கூட்டிக்கொண்டு போகும். நான் மருத்துவக் காப்புறுதிக்கு அந்த்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினேன். கண் தெரியாதவருக்கு நாய் கொடுக்க இடமுண்டு, காது கேளாதவருக்கு இல்லை என்று அழகான கடதாசியில் பதில் வந்தது. பிறகு ஒரு சங்கத்தின் காத்திருப்போர் பட்டியலில் மூன்று வருடம் கிடந்து லோட்டேயைப் பெற்றேன். அகதியாக வந்து விசாவுக்குக் காத்திருந்த ஆளுக்கு நாய்க்குக் காத்திருப்பது பெரிய கஷ்டமில்லை.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. தகடு அடித்து வெட்டும் இயந்திரங்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் நின்றவன். காதை அடைக்க மஞ்சள் பஞ்சு தந்தார்கள். அதைப் போடச் சொல்லிச் சுவரெல்லாம் படம் ஒட்டியிருந்தார்கள். நான் போடவில்லை. வந்த புதிதில் மேற்பார்வையாளன் சொல்லும் ஜேர்மன் எனக்குப் பாதிதான் விளங்கும். காதையும் அடைத்துக்கொண்டால் மீதியும் போய்விடும், மொழி தெரியாதவன் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். சொல் பிடிக்கத் திறந்து வைத்த காதுக்குள் இயந்திரம்தான் ஏறியது. மொழி ஓரளவு பிடிபட்ட காலத்தில் காது போய்விட்டது. காதில் மாட்டும் கருவியும் உதவாது, சத்திரசிகிச்சையும் சரிவராது என்று வைத்தியர் எழுதித் தந்தார். இதற்கு நான் வேறு யாரையும் திட்ட முடியாது, அதுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது ஜேர்மன்காரர் பேசினால் என் கைத்தொலைபேசி அதை எழுத்தாக்கிக் காட்டுகிறது. எங்கள் வீட்டுத் தமிழ் அதற்குப் பிடிபடாது. மனைவி வதனி பேசும் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு அது கண்டபடி எழுதும். ஆகவே தெருவில் போகிறவன் சொல்வது முழுதாக விளங்குகிறது, வீட்டில் இருப்பவர்கள் சொல்வதை உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதை வெளியே சொன்னால் சிரிக்கிறார்கள்.

காது போன நாளிலிருந்து வீட்டில் ஒரு வசனம் புழக்கத்துக்கு வந்தது. சாப்பாட்டு மேசைக்கு நான் போகும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். "கூப்பிட்டனாங்கள், உங்களுக்குக் கேக்கேல்லை" என்பாள் வதனி. விருந்தாளிகள் வந்து தேநீர் குடித்துப் போயிருப்பார்கள், பீங்கானைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். "கூப்பிட்டனாங்கள் அப்பா" என்பாள் மகள் ஆரணி. நான் நம்பினேன். காது என்னுடையது, கேட்காதது என் பிழை என்று தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். நாய் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றது வாசல் மணிக்காக அல்ல. கூப்பிட்ட குரலுக்கு உடனே போய் நிற்க வேண்டும், வீட்டில் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

லோட்டேயைப் பழக்கியவர் ஃப்ராவ் பிரிங்க்மன் என்ற பெண்மணி. நாயை ஒப்படைக்க வந்தபோது முதலில் கேட்டது, வீட்டில் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று. எல்லோரும் ஒரே சொல்லால் கூப்பிட வேண்டும், அப்போதுதான் நாய் பழகும். என் பெயர் தவராசா. அதைச் சொல்லச் சொன்னார். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை. "இஞ்சேருங்கோ" என்பாள், அவ்வளவுதான். ஃப்ராவ் பிரிங்க்மனுக்கு இது விளங்கவில்லை. பெயர் நீளம், வதனியின் நாக்குக்கு வரவில்லை என்று நினைத்து, "த-வ-ரா-சா, மெதுவாகச் சொல்லுங்கள், உங்களால் முடியும்" என்று என் மனைவிக்கே என் பெயரை உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்தார். வதனி வெட்கத்தில் குசினிக்குள் ஓடிவிட்டாள். கடைசியில் ஆரணி சொன்னாள், "அப்பா எண்டே வைப்பம். அம்மாவும் அப்பிடியே கூப்பிடட்டும்." படிவத்தில் அந்தச் சொல்லை எழுதினார்கள்.

அடுத்த இரண்டு வாரம் நான் வாழ்ந்தது போல் வேறு எப்போதும் வாழவில்லை. ஒரு கிண்ணத்தில் நாய்த் தீனியை வைத்துக்கொண்டு வதனி குசினியிலிருந்து கூப்பிடுவாள், ஆரணி குளியலறையிலிருந்து கூப்பிடுவாள். லோட்டே ஓடிவந்து என்னை இடிப்பாள், நான் எழும்பிப் போவேன். அங்கே ஒன்றும் இருக்காது, பழக்குவதற்காகத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நாய்க்குத் தீனி, எனக்கு ஒரு சிரிப்பு. வீட்டுக்குள் நாயா என்று மூக்கைச் சுழித்து, சாமிப் படம் வைத்த அறையின் கதவை எப்போதும் சாத்தி வைத்திருந்த வதனிகூட அந்த நாட்களில் லோட்டேயைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கிண்ணம் காலியாயிற்று. பழக்கம் முடிந்ததென்று எல்லோரும் தத்தம் வேலையைப் பார்த்தார்கள்.

ஊரில் எங்கள் ஒழுங்கை முகப்பில் சைக்கிள் கடை வைத்திருந்த நல்லையா அண்ணைக்குக் காது கேளாது. கூப்பிட்டால் திரும்பமாட்டார் என்று, சின்னக் கல்லாகப் பொறுக்கி முதுகில் படும்படி எறிவோம். நானும் எறிந்திருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துத் தூசணத்தால் திட்டிவிட்டு, சைக்கிளை வாங்கிக் காற்றடித்துக் கொடுப்பார். காது போன புதிதில் அதை நினைத்து வெட்கப்பட்டேன். இந்த நாட்டில் யாரும் கல்லெறியமாட்டார்கள், எவ்வளவு நாகரிகம் என்று நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். இன்று அவர்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர் திரும்பவேண்டும் என்று நினைத்த ஆட்கள் ஒழுங்கை முழுக்க இருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் என் அறையில் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். லோட்டே என் பாதத்தில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். தண்ணீர் குடிக்க எழும்பிப் போனால், வரவேற்பறையில் வதனியும் ஆரணியும் நல்ல உடுப்போடு கணினிக்கு முன்னால் இருந்தார்கள். திரையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஒரு பெடியனும் கையசைத்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள். ஹம்பேர்க்கில் இருக்கும் குடும்பம். ஆரணிக்கும் அந்தப் பெடியனுக்கும் பழக்கமாம், பெற்றோர் பேசி முடித்தார்களாம், ஆவணியில் கல்யாணப் பதிவாம். எல்லாவற்றையும் ஆரணி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பெற்றோர் என்று அவள் எழுதியிருந்த சொல்லில் நானும் சேர்த்தியா என்று தெரியவில்லை.

"என்னைக் கூப்பிடேல்லையோ?" என்று கேட்டேன்.

"கூப்பிட்டனான். உங்களுக்குக் கேக்கேல்லை" என்றாள் வதனி. பழகிய வாய், யோசிக்காமல் வந்தது.

நான் என் அறை வாசலைப் பார்த்தேன். லோட்டே அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டுக் கேத்தில் கூவினாலே எழும்புகிற நாய் அது. வதனியும் நாயைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள்.  எத்தனை வருடத்துச் சோறு, எத்தனை வருடத்துத் தேநீர் என்று எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. நாய் இல்லாவிட்டால் நிம்மதியாக ஏமாந்துகொண்டே இருந்திருப்பேன்.

வருட முடிவில் ஃப்ராவ் பிரிங்க்மன் வரும் நாளைக் குறித்துத் தெர்மின் எழுதி அனுப்பிவிட்டு வந்தார். ஒப்படைத்த நாயைத் திரும்பப் பார்த்துச் சோதிப்பது விதி. வாசல் மணி சரி, மணிக்கூடு சரி, கேத்தில் சரி, புகைக் கருவிக்கு லோட்டே நிலத்தோடு படுத்துக் காட்டினாள், அதுவும் சரி. பிறகு வதனியைக் குசினியிலிருந்து கூப்பிடச் சொன்னார். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லோட்டே காதை மட்டும் ஒருமுறை அசைத்தாள். இன்னும் இரண்டு தடவை கூப்பிடச் செய்தார். லோட்டே என்னைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு கீழே படுத்துவிட்டாள்.

"வீட்டில் உங்களைக் கூப்பிடும்போது வருகிறாளா?" என்று ஃப்ராவ் பிரிங்க்மன் கேட்டது என் கைத்தொலைபேசியில் எழுத்தாக வந்தது.

வெள்ளைக்காரி முன்னால் குடும்பத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நாய்க்கு மறதி" என்றேன்.

அவர் குனிந்து லோட்டேயின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், "அப்படியென்றால் அவளை ஆறு வாரம் நான் கொண்டுபோய்த் திரும்பப் பழக்க வேண்டும்." படிவத்தில் லோட்டேயின் பெயருக்கு நேரே ஏதோ எழுதத் தொடங்கினார். குற்றம் செய்யாத ஓர் உயிர் என் காலடியில் படுத்திருக்க, நான் அதன்மேல் பழி போட்டுவிட்டேன். ஆறு வாரம் அது இல்லாத வீட்டையும் நினைத்துப் பார்த்தேன்.

"நாய் சரி. இங்கே ஒருவரும் என்னைக் கூப்பிடுவதில்லை" என்று ஜேர்மன் மொழியில் சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த வதனி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவளுக்கும் ஜேர்மன் விளங்கும். தட்டை வைத்துவிட்டு, என் கண்ணுக்கு நேரே, நான் ஒரு சொல்லும் தவறவிடாதபடி உதட்டை அசைத்துப் பேசினாள். "கூப்பிட்டால் வந்து இருந்து, ஆர் என்ன சொன்னது, என்ன சொன்னது எண்டு கேட்டுக்கொண்டே இருப்பியள். ஆர் இருந்து எல்லாத்தையும் எழுதிக் காட்டுறது? கத்திச் சொன்னால் மேல்வீட்டுக்காரி கடிதம் போடுறாள். எனக்கும் களைக்குதப்பா. ஏலாது."

அவள் பொய் சொல்லாமல் என்னோடு பேசி வெகுகாலமாகியிருந்தது.  ஆனாலும் கோபம் இருந்தது, அது இன்னும் இருக்கிறது.

ஃப்ராவ் பிரிங்க்மனுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. ஜேர்மன்காரருக்கே உரிய முறையில், இரக்கப்பட்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த கேள்விக்குப் போனார். தினமும் சொல்லாத சொல்லை நாய் மறந்துவிடும், ஆகவே தினமும் யார் உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார். நான் யோசித்தேன். ரைன் ஆற்றங்கரைப் புல்வெளியில் குட்டைக்கால் நாயோடு வரும் ஒரு கிழவி மட்டும்தான் நினைவுக்கு வந்தாள். காலையில் என்னைத் தூரத்தில் கண்டதும் கையசைத்து வாயசைப்பாள். மறுநாள் ஃப்ராவ் பிரிங்க்மன் கூடவே வந்து விசாரித்தார். கிழவி ஒவ்வொரு நாளும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாளாம். லோட்டேயின் பதிவுப் பத்திரத்தை நான் ஒருநாள் காட்டியபோது பார்த்து வைத்த பெயர்.

அது என் பெயரல்ல. அகதி விண்ணப்பம் எழுதிய அதிகாரி, எங்கள் வழக்கப்படி முன்னால் நின்ற தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டான். தொழிற்சாலை, வைத்தியர், வரிக் கந்தோர் எல்லோருக்கும் அன்றுதொட்டு நான் ஹேர் கந்தையா, அதாவது திருவாளர் கந்தையா. கந்தையா என்ற மனிதர் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடியபோது என்னிடம் பயணப் பத்திரம் இருக்கவில்லை. கொள்ளி வைக்க நான் போகவில்லை. கடைசி நாட்களில் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

ஃப்ராவ் பிரிங்க்மன் படிவத்தில் "அப்பா" என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, "கந்தையா" என்று எழுதினார். லோட்டே ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். இப்போது தினமும் காலையில் ஆற்றங்கரையில் ஒரு ஜேர்மன் கிழவி என் தகப்பனைக் கூப்பிடுகிறாள், நாய் ஓடிவந்து என்னை இடிக்கிறது, நான் அவருக்குப் பதிலாகக் கையை உயர்த்திக்கொண்டு போகிறேன்.