கசப்புக்குக் காத்திருந்த மாஸ்டர்

தொழிற்சாலை கேன்டீனில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்டாவில் கொதிப்பதைக் கரண்டியால் மொண்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, "உப்பு பத்தல" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அளவுக் கரண்டியை அவர் நம்பியதில்லை. நாக்கு சொன்னால் சரி.

இடது பக்கம் இருந்த சுடுபாத்திரம் கண்ணில் படாமல் முழங்கை வெந்த பிறகுதான் கண் மருத்துவமனைக்குப் போனார். க்ளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்துக்கொண்டிருந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. ஓரப் பார்வை மட்டும் சத்தமில்லாமல் போயிருந்தது. "போன பார்வை திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்று டாக்டர் காலையிலும் மாலையிலும் விடச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மாஸ்டர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் அழுத்தம் இறங்கவில்லை.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

கத்தி தன் கையில் இருக்கும்வரைதான் மாஸ்டருக்குத் தைரியம்.

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் மனைவி, கண் அழுத்தம் பார்க்கும் பெண்ணிடம் முறையிட்டாள். "மருந்து மேல குத்தமில்ல கண்ணு. மாசம் முழுக்க வர வேண்டிய பாட்டில் பாதி மாசத்துலயே காலி. குடிக்கிறாரோ என்னவோ."

"நீ சும்மா இரு."

அந்தப் பெண் சிரித்தபடி, கண் வறட்சிக்கு விடும் சாதாரண சொட்டு மருந்தை நீட்டினாள். "எப்படி விடுறீங்கன்னு கொஞ்சம் காட்டுங்கய்யா."

மாஸ்டர் தலையை அண்ணாந்து ஒரு சொட்டு விட்டார். படபடவென்று கண்ணைச் சிமிட்டினார். எச்சிலை விழுங்கி யோசித்தார். இன்னொரு சொட்டு. அப்புறம் மூன்றாவது.

"ஏங்கய்யா மூணு?"

"இதுல கசப்பே வரலியேம்மா. என் மருந்து கசக்கும். தொண்டையில கசப்பு இறங்கினாத்தானே உள்ள போயிருக்குன்னு அர்த்தம்? அதுவரைக்கும் விடுவேன்."

"பாத்தியா, கண்ணுக்கும் ருசி பாத்திருக்காரு" என்றாள் மனைவி.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "மூக்கை ஒட்டின மூலையில சின்ன துவாரம் இருக்குய்யா. கண்ணைச் சிமிட்டச் சிமிட்ட மருந்து அது வழியாத்தான் தொண்டைக்கு ஓடுது. கசந்தா கண்ணை விட்டுப் போகுதுன்னு அர்த்தம். அடுத்தடுத்து விட்டா மொத சொட்டையும் கழுவிட்டுப் போயிரும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மெதுவா மூடி, அந்த மூலையை ரெண்டு நிமிஷம் விரலால அழுத்திக்கணும்."

"அப்ப கசக்கவே கூடாதா?"

"லேசா கசந்தா பரவாயில்ல. நீங்களா அதைத் தேடிப் போகாதீங்க."

வீட்டில் சொன்னபடியே செய்தார். கண்ணை மூடி, மூலையில் விரலை வைத்து, நாக்கில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது. சாட்சியே இல்லாமல் எதை நம்புவது? கை தானாகப் பாட்டிலைத் தேடும். மனைவி பிடுங்கிக்கொள்வாள்.

"உங்க அண்டாவுல நான் வந்து மேல மேல உப்பு அள்ளிப் போட்டா விடுவீங்களா?"

மாஸ்டர் மறுபடி கண்ணை மூடி, மூலையில் விரலை வைத்தார்.

மறுமுறை மருத்துவமனைக்கு அவள் ஒரு பையோடு வந்தாள். ஆபரேஷன் என்றால் தங்கவேண்டி வருமே என்று மாற்றுத் துணி, சோப்பு, போர்வை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் அழுத்தம் பார்த்தாள். மறுபடி ஒருமுறை பார்த்தாள்.

"நல்லா இறங்கியிருக்குய்யா."

டாக்டரும் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார்.

வாசலில் மனைவி பையைப் பார்த்தாள். "லீவு போட்டாச்சு, வீட்டைப் பூட்டியாச்சு. இப்ப இதை என்ன பண்றது?"

"உன் தங்கச்சி வீட்டுக்குப் போவோம்."

"எத்தனை வருஷமா கூப்பிடுறா. இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்."

மாலை மருந்து விடும் வேளை அங்கேதான் வரும். சட்டைப் பையில் மருந்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு மாஸ்டர் பஸ் ஏறினார்.