அசையாமல் கிடந்தும் சுழன்ற தலை: தருமபுரிக்கு ஒரு ஸ்கேன் பயணம்

மலைக்கோயில்களுக்கு வழி தேடி இந்த வலைப்பக்கத்துக்கு வருபவர்களே பலர். இம்முறை எழுதுவது படிக்கட்டே இல்லாத ஒரு பயணத்தைப் பற்றி. சென்ற செவ்வாயன்று நானும் என் மனைவியும் காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சென்றுவந்தோம்.

கார்த்திகை முதலே படுக்கையில் புரண்டாலும், கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாலும் எனக்குத் தலை சுற்றியது. தருமபுரியில் ஒரு மருத்துவரிடம் தனியே சென்று, "மயக்கம் வருகிறது" என்றேன். அவர் முகம் இறுகியது. மூளையைப் படம் எடுத்துப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை. அதுவரை மலை ஏறக் கூடாது, துணையின்றிப் பேருந்திலும் ஏறக் கூடாது என்றார். தீர்த்தமலைப் படிகளில் ஆண்டுதோறும் ஏறி வருகிறேன். இனி ஏறுவேனா, அல்லது மூளையில் ஏதேனும் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்ற கவலையில், நாள்தோறும் ஓதும் பதிகத்தையே இரண்டு முறை இடையில் மறந்தேன்.

காலை 7.10க்குப் பேருந்து. கட்டணம் ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். எட்டு மணிக்குள் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் இறங்கிவிட்டோம். அங்கிருந்து ஸ்கேன் நிலையத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நடந்தால் இருபது நிமிடம்தான். என்னை நடக்கவிட மனைவிக்கு மனமில்லை.

ஸ்கேன் எடுப்பவர் பென்னாகரம் பக்கத்துப் பெண்மணி, முப்பது வயதிருக்கும். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார். வெள்ளிப்பூண் கட்டிய உருத்திராக்கத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தபோது கழுத்து அயலாருடையதுபோல் இருந்தது. கையில் ஒரு ரப்பர்க் குமிழைத் தந்து, "ஏதாச்சும்னா அமுக்குங்க ஐயா, நிறுத்திருவேன்" என்றார்.

குழாய்க்குள் பலகை நகர்ந்தது. கண்களை மூடி அசையாமல் கிடந்தேன். சிறிது நேரத்தில் உடல் மெல்லச் சுழலத் தொடங்கியது. ஒகேனக்கல்லில் பரிசல்காரர் வேடிக்கைக்காகப் பரிசலைச் சுற்றிவிடுவாரே, அப்படி. தலையைத் திருப்பினால்தான் சுற்றும் என்று இத்தனை நாள் இருந்தது. இப்போது அசையாத தலையும் சுற்றுகிறது. நோய் முற்றிவிட்டது என்றே முடிவு செய்து குமிழை அமுக்கினேன்.

வெளியே இழுத்தார்கள். இப்போது எதிர்த்திசையில் ஒரு சுற்று சுற்றி நின்றது. விவரம் சொன்னேன்.

"இது உங்க நோவு இல்லீங்க ஐயா, எங்க காந்தம் பண்ற வேலை" என்றார் அந்தப் பெண்மணி. "காதுக்குள்ள உப்புத்தண்ணி மாதிரி ஒரு நீர் இருக்குதுங்க. அந்த உப்பெல்லாம் மின்சாரம் ஏறுன துகளா ஓடிக்கிட்டே இருக்கும். ஓடுற துகளைக் காந்தம் தன் பக்கம் இழுக்காதுங்க, குறுக்கால தள்ளும். அந்தத் தள்ளுல நீர் நகர்ந்து, தலை சுத்துதுன்னு மூளை நெனச்சுக்கும். அவ்வளவுதான்."

"ஓடாமல் நிற்கும் துகளை?"

"நின்னா அது பாட்டுக்கு விட்டுரும். ஓடுனாத்தான்."

மறுபடியும் உள்ளே போனேன். சுழற்சி வந்தது, அச்சம் வரவில்லை. காந்தத்தின் முன் இரும்புபோல் இறைவன் முன் உயிர் என்பது நமக்குப் பழகிய உவமை. இங்கே நடப்பது வேறு. இந்தக் காந்தம் ஓடுவதை மட்டுமே தொடுகிறது. வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. வழியை மட்டும் வளைக்கிறது. அருள் என்று நான் கண்டவற்றுள் பெரும்பகுதி இந்த வகைதான் என்று தோன்றியது. இருபத்தைந்து நிமிடம் அந்த எண்ணத்திலேயே கழிந்தது.

வெளியே வந்ததும் அவர் மருத்துவரின் சீட்டைப் பார்த்தார். "எத்தனை தடவைங்க ஐயா நெனவு தப்பி விழுந்தீங்க?"

"நினைவு ஒருநாளும் தப்பியதில்லையே."

"மயக்கம்னு சொன்னதா எழுதியிருக்குதே?"

உருத்திராக்கத்தைக் கையில் வைத்திருந்த மனைவி இடைமறித்தார். "ஏனுங்க, வூட்டுல கிறுகிறுங்குதுன்னுதான சொல்லுவீங்க? டாக்டரைப் பாத்தா மட்டும் எங்கிருந்து வருதோ இந்த இலக்கணம்."

மருத்துவர் முன் 'கிறுகிறுப்பு' என்பது தரம் தாழ்ந்த சொல்லாக எனக்குப் பட்டிருந்தது. நூல்களில் மயக்கம் என்றால் தடுமாற்றம், கலத்தல். மருத்துவருக்கோ அது நினைவு தவறுதல். வலிப்பாக இருக்குமோ என்று அவர் மூளையைப் படம் எடுக்கச் சொன்னது அந்த ஒரு சொல்லால்.

மாலை 4 மணிக்கு அறிக்கை வந்தது. மூளையில் குறை ஏதும் இல்லை. மனைவியுடன் அதே மருத்துவரிடம் போய், இம்முறை 'கிறுகிறுப்பு' என்றேன். அவர் சிரித்துவிட்டு என்னைப் படுக்கவைத்துத் தலையை வலப்புறம் திருப்பினார். அறை சுழன்றது. காதுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்கின்றன என்று சொல்லி, தலையை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, படிப்படியாக மறுபுறம் கொண்டுசென்று எழுப்பி உட்காரவைத்தார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து மலை ஏறலாம் என்றார்.

இதே காரியமாகச் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்கேனுக்கு எங்களிடம் வாங்கியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். காலையில் எடுத்தால் அறிக்கை அன்று மாலையே கிடைக்கிறது. உடலில் உலோகம் பொருத்தியிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே தலை சுற்றினால் குமிழை அமுக்கக் கூச்சப்பட வேண்டாம். நோயை வீட்டில் எந்தச் சொல்லால் சொல்வீர்களோ அதே சொல்லை மருத்துவரிடமும் சொல்லுங்கள். கூடவே, அந்தச் சொல்லைத் தினமும் கேட்பவரை உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.

மருத்துவமனை வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மேகம் தன் போக்கில் நகர்ந்ததே தவிர வேறெதுவும் நகரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"போதும் வாங்க" என்றார் மனைவி. "கழுத்து சுளுக்கிக்கிட்டா அதுக்கு என்ன பேரு வெச்சுச் சொல்லுவீங்களோ."