காப்பிக் கிடங்கில் நின்றுபோன வயலின்

அன்று காலை ஜாதிக்காயை எத்தனை சுற்று உரைத்தேன்? நான்கு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உரைகல் நினைவிருக்கிறது. உள்ளங்கை அகலம், ஓரத்தில் ஒரு சிறு உடைசல். அதில் விட்ட சில சொட்டுத் தாய்ப்பால், பாலில் கலங்கி வந்த பழுப்பு நிறம், விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட மணம் எல்லாம் நினைவிருக்கிறது. எண்ணிக்கை மட்டும் இல்லை. சில நாட்கள் இரண்டு சுற்றுதான் என்று உறுதியாகத் தோன்றும். சில நாட்கள் ஐந்துக்கும் மேல் என்று தோன்றி, உறங்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். நான் உரைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்ட பெரியவர் தன் வயலினுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். என் கவனம் அதில் போய்விட்டது என்று சொன்னால் அது காரணமா, சாக்கா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் அப்போது ஏற்காடு மலையில், நாகலூருக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் போட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவது அவர் பொறுப்பு. எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு காப்பிக் கிடங்கின் பின்புறத்தை ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரே கருங்கல் சுவர். பழம் பறிப்பு முடிந்து மூட்டைகள் மலையிறங்கிவிட்டால் கிடங்கு பல மாதம் காலியாகக் கிடக்கும். அப்படிக் காலியாகக் கிடந்த ஓர் ஆனி மாதத்தில்தான் மாஸ்டர் மெட்ராசிலிருந்து தன் மகளோடு வந்தார். எஸ்டேட் முதலாளிக்கு அவர் பழைய சிநேகிதர். கிடங்கின் நடுவில் நின்று ஒரு முறை கை தட்டினார். தலையைச் சாய்த்து, ஓசை சுவர்களில் பட்டு அடங்கும்வரை கேட்டார். "இங்கேதான்" என்று மகளிடம் சொன்னார். அவ்வளவுதான். மறுநாள் ஒலிப்பதிவுக் கருவியும் மைக்குகளும் வந்து இறங்கின.

அவருக்கு எழுபதை நெருங்கும் வயது. நாற்பது ஆண்டுகள் சினிமாப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர். முப்பது வயலின்களில் ஒருவராக உட்கார்ந்து, எல்லோரும் இழுக்கும் திசையிலேயே தானும் வில்லை இழுத்தவர். "ஏதாவது பாட்டு ரேடியோவில போட்டா, இதில உங்க வயலின் எதுன்னு என் பொண்டாட்டி கேப்பா. எனக்கே தெரியாதும்மா" என்று சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஓர் ஆசை. ஐரோப்பாவில் பரோக் காலம் என்று சொல்லப்படும் பழைய நாட்களில், ஒற்றை வயலினுக்கென்றே எழுதப்பட்ட இசையைத் தனியாக வாசித்துப் பதிவு செய்துவிட வேண்டும். பக்கவாத்தியம் கிடையாது, தம்பூரா கிடையாது. மனிதர் நின்றபடி, தோளில் வயலினை வைத்துத் தாடையால் அழுத்திக்கொண்டு, தன்னந்தனியாக வாசிப்பார்.

எனக்கு இசை தெரியாது. சேலத்தில் கல்லூரி படித்தபோது கோயில் கச்சேரிகள் கேட்டதோடு சரி. சுவர் வழியாக முதல் நாள் கேட்டபோது, இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஒருவர் கீழே நிதானமாக எதையோ சொல்ல, இன்னொருவர் மேலே மறுத்துப் பேசுவதுபோல இருந்தது. வெந்நீர் கொண்டுபோனபோது அவர் ஒருவர்தான் நின்றார். நாங்கள் கேட்டுப் பழகிய குழைவும் கமகமும் அதில் இல்லை. ஸ்வரங்கள் கல் கல்லாக அடுக்கப்பட்டதுபோல வந்தன. பிடித்ததா என்று கேட்டால் இன்றும் தெரியாது. ஆனால் அது நின்றுவிட்டால் சோற்றுப் பானையின் கொதி எனக்குத் திடீரென்று பெரிதாகக் கேட்கும்.

வெந்நீர் என் வேலையாக இருந்தது. மலைக்குளிரில் அவர் விரல்கள் மரத்துப்போகும். ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் பித்தளைக் குண்டாவில் இளஞ்சூட்டு நீரை வைத்து இரண்டு கைகளையும் அதில் மூழ்கவைத்துக்கொள்வார். பதிவு நேரத்தில் மழை பெய்தால் ஓட்டில் ஓசை, அதனால் வேலை நிற்கும். ஆட்களைக் கூப்பிடும் தண்டவாளத் துண்டில் அந்த நேரங்களில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. ஜீப்பை எஞ்சின் போடாமல் சரிவு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். களை எடுக்கப் போகும் பெண்களுக்கு இது பெரிய வேடிக்கை. "மெதுவாப் போங்கடி, அந்தப் பெரியவரு பிடிலுக்குள்ள உங்க செருப்புச் சத்தம் போயிருமாமா" என்று ஒருத்தி சொல்ல, "நீ செருமுனதையும் காசு குடுத்து வாங்கிக் கேப்பாங்க மெட்ராசுல" என்று இன்னொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எல்லோரும் அடங்கினார்கள். என் ஐந்து மாதக் குழந்தை மட்டும் அடங்கவில்லை. அவளுக்குச் சளி. சிணுங்கத் தொடங்கினால் வீறிடுவதில்தான் முடியும். அப்படி மூன்று பதிவுகள் கெட்டன. மாஸ்டர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லம்மா, பாப்பா சுருதி சேர்ந்துதான் அழறா" என்பார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். என் கணவர்தான் வீட்டுக்குள் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாளைக்குக் கடைசி நாளு. இருக்கறதுலயே நொம்பப் பெருசு நாளைக்கு வாசிக்கறதுதானாமா. முதலாளி எங்கிட்டத்தான் பொறுப்பு விட்டிருக்கறாரு. பாத்துக்க கண்ணு."

மறுநாள் மழை விட்டிருந்தது. நல்ல மூடுபனி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாகலூர் வரை நடந்திருக்கலாம். சளியோடு பனியில் கொண்டுபோகப் பயந்தேன். அந்தப் பயம் சரிதானே என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற, தோட்ட ஆட்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து ஓர் அக்கா தினமும் வருவார். அந்த எஸ்டேட்டில் பிறந்த குழந்தைகளில் பாதி அவர் காலில் கிடந்து குளித்தவைதான். குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, வசம்பையும் ஜாதிக்காயையும் ஒரே ஒரு சுற்று உரைத்து நாக்கில் தடவுவார். "ஏனுங்கம்மா, ஜாதிக்கா மட்டும் ஒரு சுத்துக்கு மேல போவக் கூடாதுங்க. நொம்பத் தூங்கிப்போயிரும் சாமி" என்று என்னிடம் ஒரு முறைக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறார். அன்றும் வந்தார், குளிப்பாட்டினார், போனார். அவர் போன பிறகு குழந்தை தூங்காமல் விழித்துக் கிடந்தாள். சுவருக்கு அப்பால் சுருதி சேரத் தொடங்கியது. நான் உரைகல்லை எடுத்தேன்.

குழந்தை தூங்கினாள். மாஸ்டர் தொடங்கினார். பெரிய இசை அது. ஒரே நடை திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு முறையும் வேறு முகத்தோடு. நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் வந்ததுபோல இளகியது. நான் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பாப்பா அழவில்லை, அழவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு அந்த நிம்மதியே எனக்குப் பயமாகிவிட்டது. போய்த் தொட்டேன். கையைத் தூக்கினால் துணிபோல விழுந்தது. கண் பாதி திறந்திருந்தது. பால் கொடுத்துப் பார்த்தேன், வாய் பற்றவில்லை. அவளை வாரிக்கொண்டு ஓடிக் கிடங்கின் கதவைத் தள்ளினேன். ஏதோ கத்தினேன். வில் நின்றது. பதிவு செய்துகொண்டிருந்த மாஸ்டரின் மகள் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து வந்தார்.

அவர்கள் காரிலேயே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாஸ்டர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், கையில் வில்லோடு. அதை வைத்துவிட்டு வர அவருக்குத் தோன்றவில்லை. டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். "உரை மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாங்க ஒண்ணும் குடுக்கறதில்லீங்க. தண்ணி ஊத்த வர்ற அம்மாதான் ஜாதிக்கா ஒரைச்சுக் குடுக்கும். ஜாஸ்தி பண்ணிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் கணவர்.

நான் டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் கிடங்கில் கத்தியதைக் கேட்டவர்கள் அவரும் அவர் மகளும்தான். என்னைப் பார்த்தார். பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். அது இரக்கமா, அருவருப்பா, இல்லை அடுத்தவர் குடும்ப விஷயம் என்ற நாகரிகமா? எனக்குப் பிடிபடவேயில்லை.

ஒரு நாள் முழுக்கப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மறுநாள் காலை அவள் வீறிட்டு அழுதாள். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. இப்போது ஏற்காட்டில் பாலர் பள்ளிக்குப் போகிறாள், ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. மாஸ்டர் அந்தப் பெரிய இசையை மீண்டும் வாசித்துப் பார்த்தார். இரண்டு நாள் முயன்றார். விரல் வீங்கிவிட்டது, பாதிகூடத் தாண்டவில்லை. என்னிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். "குழந்தை நல்லா இருக்காள்ல, போதும்மா" என்றார்.

வீடு திரும்பிய அன்றே கணவர் அந்த அக்காவை வாசலோடு நிறுத்திவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. "ஒரே சுத்துதானுங்க ஒரைச்சேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்கம்மா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? பாத்தீங்கள்ல?"

நான் குழந்தையின் குல்லாயைச் சரிசெய்தேன்.

அதன் பிறகு லைன் வீடுகளில் யாரும் பச்சைக் குழந்தையை அவர் காலில் போடவில்லை. ரைட்டர் வீட்டுக் குழந்தையையே சாகக் கொடுக்கப் பார்த்தவர் என்று பேச்சு. சில மாதம் களை வேலைக்கு வந்தார். பிறகு கொட்டச்சேட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்று காலை அவர் ஏற்கெனவே உரைத்துக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது, நான் சமையலறையில் இருந்திருப்பேன், தெரியாமல் இரண்டாவது முறை கொடுத்துவிட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டிவிட்டேன். நாள்பட நாள்பட அதுவே நடந்ததுபோல ஆகிவிட்டது.

போன மாதம் மாஸ்டரின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மாஸ்டர் காலமாகிவிட்டார். பதிவுகளைக் கேசட்டாக வெளியிடுகிறார்களாம். கடைசி இசை பன்னிரண்டு நிமிடத்தில் நின்றுபோகிறது. தன் வாழ்நாளில் தான் வாசித்தது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். போட்டால் நின்ற இடம்வரை அப்படியே போட வேண்டும், கதவுச் சத்தத்தையும் அந்தப் பெண்ணின் குரலையும் வெட்டினால் ஏதோ கை சோர்ந்து நிறுத்தினதுபோல ஆகிவிடும், அது பொய் என்பது அவர் கட்டளை. உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் குரலைப் போட மாட்டேன், நீங்கள் வேண்டாம் என்றால் அந்த இசையையே விட்டுவிடுகிறேன் என்று மகள் எழுதியிருந்தார். நாடாவில் இருக்கும் என் வார்த்தைகளையும் ஒரு வரியில் எழுதி அனுப்பியிருந்தார்: "ஏனுங்க, பாப்பா எந்திரிக்க மாட்டேங்குது. அக்கா காலைல குடுத்திருச்சுங்க, மறுக்கா நானும் குடுத்துட்டேன்."

அக்கா கொடுத்தது எனக்குத் தெரிந்திருக்கிறது. அல்லது ஓடும்போதுதான் நினைவுக்கு வந்ததா? என் குரலை நானே நம்ப முடியாமல் அந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கணவரிடம் கடிதத்தை இன்னும் காட்டவில்லை. சம்மதம் என்று எழுதிப் போடுவது எளிது. மெட்ராசிலும் வெளிநாட்டிலும் யாரோ சிலர் வாங்கிக் கேட்பார்கள். அவர்களுக்கு ஜாதிக்காயும் தெரியாது, நானும் தெரியாது. கொட்டச்சேட்டில் அந்தக் கேசட்டை ஒருவரும் வாங்கப் போவதில்லை. முகம் தெரியாதவர்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் கேட்காமல் விட்டதாக ஆகிவிடுமே என்றிருக்கிறது. வேண்டாம் என்று எழுதினால் மாஸ்டரின் கடைசி ஆசையை இரண்டாவது முறையும் நானே நிறுத்தியதாகும். கொட்டச்சேட்டுக்கு முதலில் போகலாம் என்றால், அவர் வாசலில் நின்று எப்படித் தொடங்குவது? நான்கு ஆண்டு கழித்து வந்து சொல்வது அவருக்கு ஆறுதலாக இருக்குமா, ஆறியதைக் கீறுவதாக இருக்குமா? இப்படி ஒருவரிடம் போய் நின்றவர்களோ, இப்படி ஒருவர் தன் வாசலில் வந்து நிற்கக் கண்டவர்களோ இதைப் படிப்பவர்களில் இருந்தால், அந்த முதல் வார்த்தை என்னவாக இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.