இருபத்தைந்தாவது மெட்டு

எனக்கு முன்கோபம். மாண்ட்ரியாலில் நாங்கள் முதலில் குடியிருந்த கட்டடத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. எழுபதுகளின் தொடக்கம். கணவர் எஞ்சினியர், காலையில் போனால் மாலையில்தான் வருவார். நான் பனி கொட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வீணை வாசிப்பேன். அந்த நிம்மதியும் பக்கத்து வீட்டுக்காரரால் கெட்டது.

சிரியாவின் அலெப்போ நகரத்திலிருந்து வந்தவர் அவர். பகலில் தையல் ஆலையில் துணி வெட்டும் வேலை. மாலை ஆறு மணிக்கு நண்பர்கள் வந்துவிடுவார்கள். டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் சுவரை உலுக்கும். அந்த ராக் கூச்சலைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் மேல் அவர் அரபியில் பாடுவாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அருமையான குரல். ஆனால் காந்தாரம் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் சற்று இறங்கிப் போகும்.

"இவ்வளவு நல்ல குரலை வெச்சுக்கிட்டு இப்படி அபஸ்வரமா பாடறானே, பாவி!" என்று துடைப்பக் கட்டையால் சுவரை இடித்தேன்.

"உனக்கென்ன போச்சு? அவன் உன்கிட்டயா பாட்டு கத்துக்கறான்?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் விடுகிற ஆளா? எவ்வளவு இறங்குகிறது என்று கண்டுபிடித்து, நேரிலேயே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருடைய சுருதிக்கு வீணையைச் சேர்த்து, கீழ்க் காந்தாரமான சாதாரண காந்தாரத்தில் விரலை வைத்துத் தந்தியை இழுத்தேன். மேல் காந்தாரமான அந்தர காந்தாரத்துக்குப் பாதி வழியில் அவர் குரல் ஒத்துவந்தது. அடுத்த தடவையும் அதே இடம். மேலிருந்து இறங்கினார், கீழிருந்து ஏறினார், விரைவாகப் பாடினார், நிறுத்திப் பாடினார். பத்துத் தடவை ஆயிற்று. மயிரிழைகூடப் பிசகவில்லை. தப்பாகப் பாடுகிறவன் ஒரே இடத்திலா தப்புவான்? எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபது வருஷம் சாதகம் செய்திருக்கிறேன். இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் இன்னொன்று இருப்பது தெரியாமலே இருந்திருக்கிறேனே!

போய்க் கதவைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்ததும் பயந்துபோய், "மன்னிச்சுக்குங்க மதாம், சத்தத்தைக் குறைச்சுடறோம்" என்றார் ஆங்கிலத்தில்.

"குறைக்க வேண்டாம். அந்த ஸ்வரத்தை இன்னொரு தடவை பாடுங்க."

அவர் முகத்தில் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "அதைத்தான் விட்டுடச் சொல்றாங்க" என்றார். இசைத்தட்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் இவர்கள் பாட்டைக் கேட்டிருக்கிறார். குரல் ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம் போகிறதாம். சனிக்கிழமை மத்தியானம் கடைசித் தடவையாகக் கேட்பாராம். அதற்குள் ஒன்று சேர்த்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த ஸ்வரத்தை விட வேண்டும். கிடாரிலோ, தந்திக்குக் கீழே விரல் வைக்கிற மெட்டுகள் மரத்தில் அறைந்தவை. அந்த ஸ்வரத்துக்கு இடமே இல்லை. தந்தியை இழுத்துப் பார்த்தால் ஸ்வரம் நிற்காமல் ஆடுகிறது.

"அதை விட்டா எனக்கு இசைத்தட்டு கிடைக்கும் மதாம். ஆனா அது யாரோ பாடற பாட்டு. அதுக்கு நான் துணியே வெட்டிட்டு இருக்கலாம்" என்றார்.

"மெட்டு இல்லேன்னா ஒண்ணை வெச்சுட்டாப் போச்சு!" என்றேன். எல்லாரும் என்னை விழித்துப் பார்த்தார்கள்.

வீணையில் மெட்டுகள் மெழுகில்தான் நிற்கின்றன. முதல் குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றில் மெழுகு வெடித்து ஆறு மெட்டுகள் பெயர்ந்தபோது, அடுப்பில் மெழுகை உருக்கி, காதால் இடம் பார்த்து நானே பதித்திருந்தேன். சென்னையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு மெழுகு இன்னும் ஓர் உருண்டை இருந்தது. கணவர் பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு அறுத்து அரத்தால் ராவிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பாடப் பாட, கிடாரில் வைத்த இளகிய மெழுகில் அந்தத் துண்டை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினேன். கிடார்க்காரர் மீட்டினார். குரலும் தந்தியும் ஒன்றாகிவிட்டன! அன்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் அடித்தளக் கூடம். நாங்களும் பஸ் பிடித்துப் போயிருந்தோம். மேடைக்கு இரண்டு பெரிய விளக்குகள் போட்டிருந்தார்கள். வெளியே பனி, மேடையில் அனல். மெழுகு உருகும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அறிவு கெட்டவள், எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் பித்தளைத் துண்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. கிடார் எங்கேயோ விழுந்தது. நிறுவனத்து ஆள் குறிப்பேட்டை மூடிவிட்டார். 'கெடுத்துட்டேனே, கெடுத்துட்டேனே' என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் கிடார் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஸ்வரத்திலேயே நின்றார். கீழே தம்பூரா இல்லை, துணைக்கு யாரும் இல்லை. பக்கத்தில் தப்பான ஸ்வரம் ஒலிபெருக்கியில் அலறுகிறது. தம்பூரா சற்றுக் கலைந்தாலே எனக்கு வாய் அடைத்துவிடும். இவர் அசையவில்லை. டிரம்ஸ் நின்றது. கிடார்க்காரர் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கீழ் மெட்டில் விரலை வைத்து, தந்தியை மெல்ல மெல்ல அந்தக் குரலை நோக்கி இழுத்தார். இத்தனை நாள் ஆடிக்கொண்டிருந்த ஸ்வரம் அன்று குரலைத் தொட்டதும் அப்படியே நின்றது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். நாலு பேர் முன்னால் என் பக்கத்தில் நெருங்கிக்கூட உட்காராத கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நிறுவனத்து ஆள் எழுந்து மேடையருகே போனார். "அந்த இடத்தை மட்டும் மாத்திடாதீங்க" என்றார்.

அந்த வருஷமே இசைத்தட்டு வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் முகம் மெட்ரோ நிலையச் சுவர்களில் வந்தது. பெரிய பெரிய அரங்குகள். நாங்கள் மேல் மாடியில், கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்போம். ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி அந்த ஸ்வரத்துக்காகக் காத்திருப்பேன். அதே இடத்தில் வரும். ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

தேவாலயத்தில் பாடிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமையே, அவர் பித்தளைத் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்திருந்தார். அதை என் வீணையில் இரண்டு காந்தாரத்துக்கும் நடுவில் பதித்துவிட்டேன். ஊரில் எந்த வீணைக்கும் இருபத்து நாலு மெட்டுதான். என்னுடையதற்கு ஒன்று கூடுதல்.

சில வருஷங்கள் கழித்து, கச்சேரிக்காகச் சென்னையிலிருந்து வந்த வித்வான் ஒருவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வீணையை மடியில் வைத்து அந்த மெட்டைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, நடுவில ஒரு அபஸ்வரம்?"

எனக்குக் கோபம் வரவில்லை.

"ஒரு தடவை கேட்டா அப்படித்தான் இருக்கும். உட்காருங்க" என்று சொல்லி, இசைத்தட்டைப் போட்டேன்.