உரிக்காத தாள்

எங்கள் வீட்டில் புதுப் பொருளின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. டிவி ரிமோட் வாங்கிய நாளிலிருந்து கவருக்குள்தான் இருக்கிறது. கவர் மேல் கறுப்பாக அழுக்கேறி, தொட்டால் விரல் பிசுபிசுக்கும். கார் சீட்டுகளிலும் கம்பெனி மாட்டி அனுப்பிய உறை அப்படியே. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து விருதுநகர் போய் வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "பிரிக்காதடா, புதுசாவே இருக்கட்டும்" என்பார் அப்பா. எனக்கு அருவருப்பாக இருக்கும். இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான் மனுஷன் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் விதைக்கடை மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை சாத்தியிருக்கும். அந்த இரண்டு மணி நேரமும் வீட்டுக் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுவேன். நாற்பது வயதில் என்ன விளையாட்டு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் என் மனைவியுடையது. அவள் ஜாக்கெட் தைக்கிறாள். கழுத்து, கை, முதுகு என்று அவளே தாளில் வரைந்து, தைத்து, போட்டோ எடுத்து ஆறு வருஷமாக ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தாள். எம்.ரெட்டியபட்டியிலிருந்தும் மல்லாங்கிணற்றிலிருந்தும் பஸ் ஏறி வருகிற பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அது இல்ல, அதுக்கு மேல உள்ளது" என்று திரையைத் தொட்டுக் காட்டுவார்கள். தையல் மிஷின் போனால் வேறு வாங்கிவிடலாம். அந்த ஃபோல்டர்தான் அவள் தொழில்.

போன கோடையில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. திறந்து பார்த்தேன். விரல் கனத்துக்குத் தூசி, பல்லி எச்சம், உடைந்த பல்லி முட்டை இரண்டு. மூக்கைப் பொத்திக்கொண்டு துடைத்தேன். அடியில் செம்புத் தகடு வைத்த புது ஃபேன் ஒன்றை வாங்கி வந்து, வீடியோ பார்த்து, நானே மாட்டினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்த வாரமே பந்தயம் திக்க ஆரம்பித்தது. பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும். பிறகு கார் விட்டு விட்டுத் தாவும். வளைவுக்கு முன்னால் தெரிகிற கார் அடுத்த நொடி சுவரில் கிடக்கும். செட்டிங்கில் நிழலைக் குறைத்தேன், மரங்களை எடுத்தேன், தூரத்து மலையையும் எடுத்தேன். கடைசியில் பந்தய ரோடு திருச்சுழி ரோடு மாதிரி மொட்டையாகிவிட்டது. அப்போதும் தாவியது. ஃபேன்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. புதுசு, அதுவும் நான் மாட்டியது.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டேன். "டிரைவு ரொம்பியிருக்கும்ணே. வேண்டாததப் பூராம் அழிங்க, ஓடும்" என்றார்.

அன்று என் மனைவி நரிக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் உட்கார்ந்து வேண்டாததைத் தேடினேன். பாதியில் விட்ட விளையாட்டுகள் மூன்று இருந்தன. என்றைக்காவது ஆடலாம் என்று விட்டுவிட்டேன். பார்த்து முடித்த படங்கள் இருந்தன. இன்னொரு தரம் பார்க்கலாம். அடுத்து அவள் ஃபோல்டர். பழைய ஜாக்கெட் போட்டோ, இனிமேல் யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள், அது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. குப்பைத்தொட்டியில்கூடத் தங்காதபடி ஒரேயடியாக அழித்தேன். காலியான இடத்தில் அதே பந்தயத்தின் புதுசு ஒன்றை இறக்கி ஓட்டினேன். பத்தாவது நிமிஷம் அதுவும் தாவியது.

அவளிடம் சொல்லத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை ஒரு பெண் கல்யாணத் துணியோடு வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. என் மனைவி வெகுநேரம் தேடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, என் ஃபோல்டரு எங்க?"

"கம்ப்யூட்டர் திக்குச்சுல்ல, வேண்டாதது கொஞ்சம் அழிச்சேன்" என்றேன்.

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். என் மனைவி அவளிடம், "ரெண்டு நாள் பொறுத்து வாங்கக்கா, நானே வரைஞ்சு வைக்கேன்" என்று சொல்லி அனுப்பினாள். பிறகு பிரவுன் தாளையும் பென்சிலையும் தேடி எடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் சாப்பாடாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்காரரிடம் போனேன். அழித்ததை மீட்க முடியுமா என்றுதான் முதலில் கேட்டேன். "அழிச்ச எடத்துல வேற எதும் ஏத்துனீங்களாண்ணே?" என்றார். தலையாட்டினேன். நெடுநேரம் முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு, திக்குவது ஏன் என்று பார்ப்பதற்காக ஃபேனைக் கழற்றினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அதன் அடிப்பாகத்தை என் பக்கம் திருப்பினார்.

சூட்டை உறிஞ்சுகிற செம்புத் தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். மாட்டும் முன் உரிக்கவும் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது.

"இத உரிக்காமலாண்ணே மாட்டுனீங்க? சூடு எறங்க வழியே இல்ல. பெறகு திக்காம என்ன செய்யும்?"

நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி இழுத்தார். வந்துவிட்டது. என்மேல் எனக்கு வந்த அருவருப்பு பல்லி எச்சத்தைத் துடைத்தபோதுகூட வரவில்லை. அப்பாவாவது ரிமோட்டோடும் கார் சீட்டோடும் நிறுத்திக்கொண்டார்.

வீட்டில் வந்து பந்தயத்தைப் போட்டேன். மரம், நிழல், மலை எல்லாவற்றோடும் வழுக்கிக்கொண்டு ஓடியது. அரை மணி நேரம் ஆகியும் தாவவில்லை. அவள் தரையில் பிரவுன் தாளை விரித்து, நினைவிலிருந்து ஒரு கழுத்தை வரைந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"எத எடுத்தீங்க?"

சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு எழுத்தை மெல்ல வாசித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"பத்திரமா வைங்க. வேண்டாததுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க."