சிவப்புப் பொட்டு இருந்த இடம்

அகதி முகாமில் எல்லோரும் ‘திருகோணமலை அம்மா’ என்று கூப்பிடும் மூதாட்டியின் வீட்டில், சுவர்க் கண்ணாடியின் மூலையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அதை ஒட்டியது அங்கே அல்ல, அவருடைய கைபேசியில்.

ஆத்தூர்ப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில், ஞாயிறு மதியங்களில் வயதானவர்களுக்குக் கைபேசியும் இணையமும் சொல்லித்தரப் போய்க்கொண்டிருந்தேன். பொடி எழுத்து தெரியாத கண்களுக்காக நான் கண்டுபிடித்த வழிதான் பொட்டு. அழைப்பை எடுக்கிற இடத்தில் பச்சை, முடிக்கிற இடத்தில் சிவப்பு. எனக்கு என்மேலேயே கொஞ்சம் பெருமை. திருகோணமலை அம்மா அடுத்த வாரமே சிவப்பை உரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

அவருக்கு இணையத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான், ஊரில் படுக்கையில் கிடந்த அக்காவின் முகம். நேரில் போகலாம், போனால் திரும்பி வர விடுவார்களா என்று சொல்ல ஆளில்லை. இங்கே மகன், பேரப்பிள்ளைகள். ஆகவே வீடியோ அழைப்பை எல்லோருக்கும் முந்திக் கற்றுக்கொண்டார். ஆனால் பேசி முடித்த பிறகும் வைக்க மாட்டார். அக்காவும் வைக்க மாட்டார். இரண்டு பேரும் பேச்சில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"நெட்டு தீந்துடும்மா, சிவப்ப அமுக்குங்க" என்று கத்துவேன்.

"வழியனுப்புற ஆள் முந்தித் திரும்பக் கூடாது பிள்ளை. போறவை தெரு முனை தாண்டி மறையுமட்டும் வாசல்ல நிக்கோணும். அக்கா நிக்கிறா, நான் எப்பிடி அமத்துறது?"

நல்ல கூத்து என்று சிரித்தேன். இரண்டு பேருமே வாசலில் நிற்கிறவர்கள், கிளம்புகிறவர் யாருமில்லை.

அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, அவர் மகள் கைபேசியைக் கட்டிலருகே சாய்த்து வைத்திருந்தாள். இங்கே அம்மா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று படம் நின்றது.

"ஏன் பிள்ளை அக்கா அசையாமல் இருக்கிறா?"

நெட் நின்றதா, மூச்சு நின்றதா? இணையம் சொல்லித்தர வந்தவள் நான், எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் மகனுடைய கைபேசியிலிருந்து நெட்டைப் பகிர்ந்து பார்த்தேன், அம்மாவை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தேன். பிறகு படம் அசைந்தது. அக்காவின் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றது, மகளின் கை அவர் நெற்றியைத் தடவியது. அக்கா மட்டும் அசையவில்லை.

அம்மா அழவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

"அக்கா போயிட்டா பிள்ளை. இனி அமத்தலாம். அந்தப் பொட்டு எந்த இடத்தில இருந்தது?"

அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

இன்றும் அங்கே வகுப்பெடுக்கிறேன். பச்சைப் பொட்டு மட்டும்தான் வாங்கிப் போகிறேன்.