தொண்டையில் ஒட்டிய கறுப்புப் பட்டி

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்து ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். தலைமயிரைவிட மெல்லிய இழைகளைச் சூளையில் கரியாக்கி, இறப்பர்ப் படலத்தில் பதித்துக் கறுப்புப் பட்டிகள் செய்கிறோம். பட்டி இழுபட்டால் அதில் ஓடும் மின்சாரம் மாறும், கணினித் திரையில் கோடு எழும். குரல் இழந்தவர்கள் என்ன சொல்ல முனைகிறார்கள் என்று தொண்டை அசைவிலிருந்து அறிவதற்காக இது.

ஒரு மத்தியானம் சோதனைக்காக என் தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டேன். "கொஞ்சம் பேசாமல் இருங்கள்," என்றாள் கூட வேலை செய்யும் டெனிஷ்காரி. பேசாமல் இருந்தேன். கோடு எழுந்தது. தாழ்ந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் எழுந்தது.

"என்ன சொல்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லையே."

பட்டியை மாற்றினாள். அதே மேடு. அவள் தன் தொண்டையில் ஒட்டிப் பார்த்தாள். கோடு சலனமின்றிக் கிடந்தது.

அவள் கோப்பி எடுக்கப் போனதும் பட்டியைத் திரும்ப ஒட்டிக்கொண்டு, எனக்குத் தெரிந்த சிறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். டெனிஷ் சொல் எதுவும் அந்த மேட்டோடு பொருந்தவில்லை. ஊரில் ஆமென்பதற்குச் சொல்வதுபோல "ஓம்" என்றேன். அதே மேடு, அதே சரிவு. நான் பேசாமல் இருந்தபோது பதிவான "ஓம்"களுக்கு நடுவே இருந்த இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை. யாரோ சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்வதுபோல இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "நான் தனிய இருக்கேக்க கதைக்கிறனானோ?"

"கதைக்கிறேல்லை. ஆனா தலையாட்டுவீர். காதுக்குள்ள போன் மாட்டியிருக்கிறீர் எண்டெல்லோ நினைச்சன்."

"எப்ப இருந்து?"

"எப்பவும் அப்பிடித்தானே."

நான் காதில் போன் மாட்டுவதே இல்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும் முதல் வேலையாகப் பட்டியை ஒட்டினேன். கோடு எழத் தொடங்கியது. வாயைத் திறக்காமல், மனதுக்குள், "ஆர் நீங்கள்?" என்று கேட்டேன். கோடு அப்படியே தாழ்ந்தது. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது எழவேயில்லை.

டெனிஷ்காரி பழைய பதிவுகளைப் பிழையென்று அழித்துவிட்டாள். நான் மறுக்கவில்லை. இப்போது தலையாட்டுவதில்லை என்கிறார் கணவர். காரில் தனியாக வரும்போது மட்டும், கேட்கக்கூடாததைக் கேட்டு ஒருவரைப் பேச்சின் நடுவில் எழும்பிப் போக வைத்துவிட்டேனோ என்றிருக்கிறது.